லாரி வேண்டாம், அடைப்பைச் சமமாக்கிவிட்டேன்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இடது கட்டைவிரல் நகம் ஒன்று நீங்கலாக நான் நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டுக் காரியத்தில் இத்தனை சுறுசுறுப்பாக இருக்கிறவர் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து நீங்கள் போட்ட திட்டம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. வரும் சனிக்கிழமை லாரி அனுப்பி எங்கள் நான்கு குதிரைகளையும் சவாரிப் பள்ளிக்காரரிடம் ஏற்றிவிடுவது, இடுப்பெலும்பு கூடியதும் அவளை நேரே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவது, என்னை மட்டும் “அவரு இஷ்டம், எப்படியோ இருந்துக்கட்டும்” என்று விட்டுவிடுவது. மூன்றாவதற்கு நன்றி. முதல் இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது, என்னிடம் சொன்னது இதுதான்: “அடைப்புல சேறு இல்லன்னா நம்ம வீட்டுக்கு வரேன். சேறு இருந்தா அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். இன்னொரு தரம் விழுறதுக்கு எங்கிட்ட எலும்பு இல்லங்க.”

ஆகவே இது எனக்கும் அவளுக்கும் உள்ள ஒப்பந்தம். சேறு போனால் அவள் வருவாள். சேற்றைப் போக்கிவிட்டேன். லாரி வேண்டாம். இதோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் எப்படிப் போக்கினேன் என்று சொல்லாவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. ஐந்து வாரத்துக்கு முன் அவள் குதிரைகளை விடும் வேலி அடைப்பில் வழுக்கி விழுந்து கூப்பிட்டபோது நான் வேண்டுமென்றே போகாமல் இருந்ததாக நீங்கள் சொல்லி வருகிறீர்கள். அது பொய். நான் கொட்டகையில் மட்டம் பார்க்கும் என் பழைய ரசமட்டத்துக்குக் கண்ணாடிக்குழல் மாற்றிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது உண்மை. ஆனால் தினமும் தீனி வைக்கிற அந்த நேரத்தில் அவள் கிழவியைத் திட்டுவது வழக்கம். (கிழவி என்பது எங்கள் வெள்ளைப் பெட்டைக் குதிரை. இருபத்தாறு வயது. தீனி வாளிக்குள் தலையை விட்டால் எடுக்காது.) திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரமாகியும் திட்டு ஓயாததால்தான் எழுந்து போனேன். வாசல் பக்கத்துச் சேற்றில் கிடந்தாள். கிழவி அவளை ஒட்டி, ஒரு குளம்பையும் அசைக்காமல் நின்றுகொண்டிருந்தது. “வந்துட்டீங்களா? மட்டம் எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். மூன்று வருடமாக அந்த அடைப்புகளைச் சரி பண்ணித் தரச்சொல்லிக் கேட்டவள், அன்று அதைச் சொல்லிக்காட்டவில்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. நடந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுவாரமே நாற்றுப் பண்ணைக்காரரிடமிருந்த சின்ன டிராக்டரை வாங்கினேன். அதோடு பாக்ஸ் பிளேடு என்ற ஒன்றும் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் பின்பக்கமும் அடைத்து, முன்னும் கீழும் திறந்த இரும்புப் பெட்டி அது. உள்ளே மண்ணைக் கிளற ஐந்து பற்கள், பின்னால் வழிக்க ஒரு தகடு. டிராக்டரின் முதுகில் மாட்டி இழுத்தால், மேட்டை வழித்துப் பெட்டிக்குள் வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தானாகவே கொட்ட வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பண்ணைக்காரர், “அரை நாள் வரேங்க, பக்கத்துல இருந்து சொல்லித் தரேன்” என்றார். டிராக்டரில் ஒரு சீட்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பத்தேழு வருடம் லாரி எடைபோடும் மேடைகளைப் பொருத்தியவன் நான். மயிரிழை சாய்ந்தாலும் எடை பொய் சொல்லிவிடும். நான் பொருத்திய ஒன்றும் பொய் சொன்னதில்லை. எனக்கு மண்ணைச் சமமாக்க நாற்று விற்கிறவர் பாடம் எடுப்பதா?

முதல் நாள் முழுவதும் பெட்டியை மாட்டுவதிலேயே போயிற்று. டிராக்டரைப் பின்னால் எடுத்து அதன் இரண்டு இரும்புக் கைகளையும் பெட்டியின் துளைகளுக்கு நேராக நிறுத்த வேண்டும். வலது துளை நேரானால் இடது விலகும், இடது நேரானால் இறங்கிப் போய் ஆணி செருகுவதற்குள் டிராக்டர் அரை அடி முன்னால் நகர்ந்திருக்கும். பிரேக் போட வேண்டும் என்பது பதினோராவது தடவை தெரிந்தது. நகம் ஒன்பதாவது தடவையே போய்விட்டது. இரண்டாம் நாள் ஐந்து பற்களையும் கடைசித் துளை வரை இறக்கி அடைப்புக்குள் போனேன். ஆழமாக உழுதால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா, ஆனால் பற்கள் மண்ணைப் பிடித்த பிடியில் டிராக்டர் நின்று, பின்சக்கரம் சுற்றி, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கி, நான் வானத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன், இறங்கியபோது தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயைப் பல் கிழித்துவிட்டிருந்தது, அது பூமிக்கு அடியில் இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, புதைத்தவன் நான்தான் என்றாலும் அது பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை. சேற்றைப் போக்கப் போனவன் இன்னும் ஒரு குளம் சேர்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் குழாய். நான்காம் நாள் பின்பக்கமாக வந்ததில் வேலிக் கம்பம் இரண்டு சாய்ந்து, குட்டையன் என்கிற குதிரை வெளியே போய், பக்கத்து வீட்டம்மாள் உலர்த்தியிருந்த துணிகளுக்கு நடுவே நின்று மேய்ந்தது. அந்த அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து, “குதிரைய புடிக்கணுமா, இல்ல உங்கள புடிக்கணுமா?” என்று கேட்டார். குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் முழுவதும் அலை. உண்மையாகவே அலை. ஒரு முறை ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தரை கடல் போலக் கிடந்தது, மேடு, பள்ளம், மேடு, பள்ளம். மேடு வந்தால் லீவரை இழுத்துப் பெட்டியைத் தூக்கினேன், பள்ளம் வந்தால் இறக்கினேன். ஓட்ட ஓட்ட அலை வளர்ந்தது. கிழவியை அதில் விட்டபோது ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்தது. குளம்பு பார்க்க வந்த லாடக்காரர் வேலியில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவப்படுவீங்களா?”

“படுவேன்.”

“அப்ப சொல்லிட்டே போயிடறேன். அந்த லீவர தொடாதீங்க. பெட்டிய ஒரே உயரத்துல வச்சுட்டு கைய கட்டிக்குங்க. பாதி பெட்டி மண்ணு இருந்தா அது பாட்டுக்குப் போகும். நீங்க தொடத் தொடத்தான் அது குதிக்குது.”

அவர் போகும்வரை லீவரைத் தொட்டுக்கொண்டேயிருந்தேன். போன பிறகு வலது கையைத் துண்டால் இடுப்பு பெல்ட்டோடு கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். அலை அடங்கிற்று. இதை அவர் சொல்லித்தான் செய்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே அந்த முடிவுக்கு வந்துகொண்டிருந்தேன். ஐந்து நாள் ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறேன். சாப்பிடும்போதுகூடத் துண்டை அவிழ்க்க மறந்திருக்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். கிழவியின் முன்கால் குளம்புகள் ஈரத்தில் நின்று நின்று அடியில் அழுகிவிட்டனவாம். “இன்னொரு மழைக்காலம் தண்ணில நின்னுச்சுன்னா இது நிக்காதுங்க, ஐயா. காஞ்ச தரை வேணும்.” காய்ந்த தரைதானே, தருகிறேன் என்றேன். மூன்றாவது வாரம் என் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு அடைப்பிலும் ஒன்பது முளை அடித்து, நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்த்தேன். ஒரு முளைக்கும் மறு முளைக்கும் கடுகளவு வித்தியாசம் இருந்தால் திரும்ப ஓட்டினேன். பெட்டியிலிருந்து ஓரத்தில் வழிந்த மண்ணையும் வீணாக்காமல் வேலியோரம் சுற்றிலும் ஒரு கரை போல நேர்த்தியாகக் கட்டிவிட்டேன். லாடக்காரர் மறுபடி வந்தார். “ஐயா, கொஞ்சம் சாய்ச்சு...” என்று தொடங்கினார். அவரை முடிக்க விடவில்லை. “என் கையால ஒண்ணும் சாஞ்சதில்ல” என்றேன். “அது எடைமேடைங்க, இது...” என்றார். குளம்பைப் பாருங்கள், தரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். குளம்பைப் பார்த்தார்.

இப்போது நான்கு அடைப்புகளும் மேஜை போல இருக்கின்றன. ஒரு கோலிக்குண்டை நடுவில் வைத்தேன், எந்தப் பக்கமும் உருளவில்லை. வேலியோரம் உட்கார்ந்து அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே, பெரிய மச்சான், உங்கள் தங்கை ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் வருகிறாள். அவள் படுக்கையைக் கூடத்தில், அடைப்பு தெரியும்படி ஜன்னலோரம் போட்டுவிட்டேன். குளியலறைச் சுவரில் பிடித்து நடக்கக் கம்பி அடித்துவிட்டேன். லாரி வேண்டாம், ஆள் வேண்டாம், அறிவுரை வேண்டாம். “என்னிக்காவது ஒருநாள் எங்க வீட்டு வாசலுக்கு வந்துதான ஆகணும்” என்று நீங்கள் நர்ஸ் அம்மாவிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. வர மாட்டேன். இதை எழுதி வைத்துக்கொள்ளவும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன், மெய்யாகவே வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மரியாதையுள்ள,
தங்கை கணவன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதி ஒட்டினேன். இன்று வியாழன். உறையைப் பிரித்து எழுதுகிறேன். லாரி வேண்டாம் என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும்.

புதன் காலை மழை பிடித்து மத்தியானம்தான் விட்டது. நான்கு அடைப்பிலும் தண்ணீர் நின்றது. கிழவியின் அடைப்பில் ஒன்பது இடத்தில் குச்சி விட்டு அளந்தேன். ஒன்பதிலும் இரண்டு விரற்கடை, கூட இல்லை, குறைய இல்லை. என் மட்டத்தில் பிழையில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். போயிருந்தாலும் என் கரை விட்டிருக்காது. பற்களால் கிளறிய அடிமண் கூழாகிவிட்டது. அதில் கிழவி படுத்தது, எழுந்திருக்க முடியவில்லை. நானும் லாடக்காரரும் கயிறு போட்டு இழுத்தோம், பலகை கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தரமும் முன்கால் வழுக்கிற்று. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “போதும் பெரியவரே, அதைப் படுத்தாதீங்க” என்று ஊசி எடுத்தார். லாடக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

உங்கள் தங்கைக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். நீங்கள் முந்திக்கொள்ளத் தேவையில்லை. “பக்கத்துல யாரு இருந்தா?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். “முழுசும் இருந்தீங்களா?” என்றாள். இருந்தேன் என்றேன். “சரி. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேங்க” என்று வைத்துவிட்டாள்.

கடிதத்தை லாடக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை லாரியை அனுப்பவும். அதில் நான்கு தடுப்பு இருக்கும் என்று லாடக்காரர் சொன்னார். மூன்றில் குதிரைகளை ஏற்றிவிடுகிறேன். நாலாவதில் நான் வருகிறேன். முன் சீட் வேண்டாம், உங்கள் டிரைவர் வாய் ஓயாமல் பேசுவார். உங்கள் வீட்டில் அவளுக்குக் கொடுக்கப்போகும் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டால் எனக்குப் போதும். அந்த நடையின் தரை ஜன்னல் பக்கமாக அரை விரற்கடை இறங்கியிருக்கிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றே கவனித்துவிட்டேன். அதைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.