கல்லு ரோட்டில் பின்னால் வந்தவன்

உமாபதி சபதம் எடுத்தால் ஊருக்குச் சொல்லாமல் விடமாட்டார். சைக்கிள் பந்தயக்காரர்கள் கொலோன் நகரைச் சுற்றி ஓடும் பழைய பாதையை, கோட்டைக்கு ஏறும் செங்குத்தான கல்லு ரோட்டோடு சேர்த்து, ஞாயிறு தோறும் தானும் ஓடப்போவதாகக் கோயில் அன்னதானப் பந்தியிலேயே அறிவித்துவிட்டார். காரணம் சீனி வருத்தம். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் சீனி இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊசியைக் கண்டால் உமாபதிக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிடும்.

சபதம் பெரிது. வயிறு அதைவிடப் பெரிது. அந்தக் கல்லு ரோட்டின் முதல் வளைவில்தான் கூட்டாளி இன்னாசித்தம்பியின் வீடு. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூற்றுநாலு சீட்டாட்டம், ஆட்டிறைச்சிக் குழம்பு. உமாபதி சைக்கிளை டிராமில் ஏற்றி வந்து மலையடியில் இறங்குவார். வளைவு வரை தள்ளிக்கொண்டு போவார். பின்னேரம் இன்னாசித்தம்பி வீட்டுக் குழாயில் சட்டையை நனைத்து, ‘வேர்வை’யோடு வீடு திரும்புவார்.

சட்டை தோய்ப்பவள் மனைவி குணேஸ்வரி. புருஷனுக்கு வேர்த்தால் எப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இறைச்சிக் குழம்பின் கறுவா மணத்த சட்டையை மோந்து பார்த்து மெஷினுக்குள் போட்டாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை. ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கும் போகத்தான் வேணுமோ?”

“ஏன்?”

“எங்கடை வேலையிடத்து உர்சுலா ஒரு கதை சொன்னவ. அந்தக் கல்லு ரோட்டிலை விழுந்து செத்த பந்தயக்காரன் பனி நாளிலை பின்னாலை வாறவனாம்.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“ஏறுறவனை ஒண்டும் செய்யானாம். இறங்கித் தள்ளுறவனைத்தான் பிடிக்கிறவனாம். நீங்கள்தான் இறங்கிறேல்லையே, உங்களுக்கென்ன பயம்?”

“எனக்குப் பயமோ?” என்றார் உமாபதி. குரல்தான் கொஞ்சம் கீச்சிட்டது.

மலையடியில் டிராம் போனபின் ஆளரவமே இல்லை. விளக்குக் கம்பங்களின் மேல்பாதியைப் பனி தின்றிருந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. உமாபதி சைக்கிளைக் கல்லு ரோட்டில் தள்ளினார்.

டொக். டொக்.

நின்றார். அதுவும் நின்றது.

நடந்தார். டொக், டொக், டொக். கட்டைச் செருப்போடு யாரோ முதுகுக்குப் பின்னால், அவர் அடிக்கு அடி வைத்து வந்தார்கள்.

திரும்பிப் பார்க்கலாமே என்பீர்கள். உமாபதியின் ஊரில் பின்னால் சத்தம் கேட்டால் ஒருவரும் திரும்பார். திரும்பினால் பேய் அறையும், ரத்தம் கக்க வேண்டியதுதான். அதைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழையவும் கூடாது, அங்கேயே குடியிருந்துவிடும். வளைவில் இன்னாசித்தம்பியின் குசினி விளக்கு மங்கலாகத் தெரிந்தது. தாளித்த மணம் வந்தது. உமாபதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அது பிள்ளைகுட்டி உள்ள வீடு.

பாய்ந்து ஏறி மிதித்தார். ஒவ்வொரு கல்லும் பல்லை ஆட்டியது. டொக்டொக்டொக்கென்று அதுவும் ஓடி வந்தது. அவருக்கு மூச்சு முட்டி வேகம் குறைந்தால், அது அவசரமே இல்லாமல் ஆறுதலாக வந்தது.

“வைரவரே, வடைமாலை சாத்துறன், காப்பாத்தும்!”

உச்சியில், வெள்ளைப் பனிக்குள், ஓர் உருவம் அசையாமல் நின்றது. முன்னாலும் ஒன்றா? இறங்கவும் ஏலாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதன் காலடியில் போய் விழுந்தார்.

“வந்திட்டியளோ?” என்றாள் குணேஸ்வரி. கையில் தேநீர் பிளாஸ்க். “பனியெண்டு பயந்து பஸ்ஸிலை வந்து நிக்கிறன்.”

“பின்னாலை... பின்னாலை ஏதும்...”

அவள் அவர் தோளுக்கு மேலால் நிதானமாகப் பார்த்தாள். “நிக்குது.”

உமாபதி அவள் கையைப் பிடித்த பிடி விடவில்லை.

“சைக்கிளை என்னட்டைத் தாங்கோ. கண்ணைத் திறவாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. இனி ஞாயிறு தவறாமல் ஏறிப்போடுங்கோ. இடையிலை விட்டால் வீடு தேடி வருமாம்.”

ஏறினார். மழையிலும் ஏறினார், ஆலங்கட்டியிலும் ஏறினார். சத்தம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. உச்சியில் குணேஸ்வரியும் தவறவில்லை. நத்தாருக்கு முன்னம் சீனி இறங்கிவிட்டது, டொக்டர் ஊசிப் பேச்சையே எடுக்காமல் கை குலுக்கினார். பேயையே மலையில் தோற்கடித்தவன் தான் ஒருவன்தான் என்று உமாபதி கோயில் பந்தியில் மறுபடியும் அறிவித்தார்.

அன்று பின்னேரம் இன்னாசித்தம்பி போன் எடுத்தான்.

“மச்சான், எனக்கும் சீனியாம். மனிசி ஒரு சைக்கிள் வாங்கித் தந்து, சீற்றுக்குக் கீழை ரெண்டு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டுறாள். உன்ரை மனிசி குடுத்துவிட்டதாம், உனக்கு இனித் தேவையில்லையாம். சைக்கிளை உருட்டினால் டொக், டொக்கெண்டுது. அது என்னத்துக்கடா?”