ஜெனரேட்டருக்கு நான் ஊற்றிய நல்ல தண்ணீர்

எடுத்த பொருளுக்குப் பதிலாக அதைவிட உயர்ந்த பொருளை வைத்துவிட்டால் அது திருட்டாகுமா? ஐந்து வருஷமாக யோசிக்கிறேன். ஒரு நாள் ஆகாது என்று தோன்றுகிறது. மறுநாளே ஆகும் என்று தோன்றுகிறது.

அப்போது திருவொற்றியூரில் ஓர் ஆலையின் எஞ்சின் அறைக்குப் பின்னால் எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள்; இன்றும் அங்கேதான் இருக்கிறோம். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சின் டிரைவர் வேலை என் கணவருக்கு. எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, சோப்பு நுரைக்காது. குழந்தையின் துணி காய்ந்ததும் அப்பளம்போல் விறைத்து நிற்கும். கட்டினால் பிள்ளையின் தொடை சிவந்துவிடும். (அது கொசுக்கடி என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நாட்களில் நான் எதைக் கண்டாலும் பயப்படுவேன்.)

எஞ்சின் அறையின் பின்புறம் கம்பிவலைக்குள் ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்தவள் என்ற மரியாதையில் அவர் ஒரு தடவை அதை விளக்கினார். ஜெனரேட்டருக்குள் மூன்று கம்பிச் சுருள்கள். மூன்றின் நுனியும் ஓரிடத்தில் சேரும். அதற்கு நியூட்ரல் என்று பெயர். அதை நேராகப் பூமியில் இறக்கினால், என்றைக்காவது ஒரு சுருள் இரும்பு உடம்பில் பட்டதும் மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து இரும்பையே உருக்கிவிடும். அதனால் நடுவில் இந்தத் தொட்டி. சலவைச் சோடா கரைத்த தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் பாய்ச்சல் அடங்கும்.

"ரொம்பவும் அடங்கிடக் கூடாது. ரிலேன்னு ஒரு காவல் சுவிட்ச் இருக்கு, அதைத் தூக்குற அளவுக்காவது ஓடணும். அப்பத்தான் மிஷின் தானா நிக்கும்" என்றார்.

"மத்த நாள்லங்க?"

"மத்த நாள்ல இதுல ஒண்ணும் ஓடாது. சும்மா கிடக்கும்."

இவ்வளவு பாடத்தில் என் மனத்தில் நின்றவை இரண்டே இரண்டு. சலவைச் சோடா. சும்மா கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு ஓய்வு. வலைக் கதவின் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அவர் கடைக்குப் போன நேரத்தில் மூன்று குடம் மொண்டு வந்து துணியை ஊறவைத்தேன். கண் கூசும்படி வெளுத்தது. மொண்டதற்கு ஈடாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. கம்பெனிச் சொத்தாயிற்றே! குடிப்பதற்கு வண்டியில் வரும் நல்ல தண்ணீரை மூன்று குடம் ஊற்றினேன். (அந்த நல்ல தண்ணீரிலேயே துவைத்திருக்கலாமே என்று என் நாத்தனார் கேட்டாள். அது அன்றைக்கே தோன்றியிருந்தால் இன்று இதை எதற்கு எழுதுகிறேன்?)

இப்படி ஆறு ஞாயிறு. திங்கள்தோறும் அவர் மூடியைத் திறந்து பார்ப்பார். மட்டம் குறைந்திருக்காது. 'சரி' என்று நோட்டில் எழுதுவார்.

ஏழாவது வாரம் புதன்கிழமை, எஞ்சினுக்கு எண்ணெய் போடும் கன்னியப்பன் மூக்கை உறிஞ்சினார். காத்திவாக்கத்துக்காரர், வாடையை வைத்தே எந்த மீன் என்று சொல்கிறவர்.

"இன்னா டிரைவரே, கம்பளி கருகற மாரி நாத்தம் வந்துகினு கீது?"

மிஷினை நிறுத்திப் பிரித்தார்கள். ஒரு சுருள் இரும்பு உடம்பில் பட்டிருந்தது. தொட்டி வழியாக ஓடிய மின்சாரம் ரிலேயைத் தூக்கப் போதவில்லை. ஆகவே மிஷின் நிற்காமல் ஓட, சுருள் மெதுவாகக் கருகிப் பக்கத்துச் சுருளையும் கெடுத்துவிட்டது. ஆலை மூடிக் கிடந்தது.

எஞ்சினீயர் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தார். வழவழப்பில்லை. நாக்கில் வைத்தார். என் கணவர் பக்கம் திரும்பினார்.

"இது குடிக்கிற தண்ணிய்யா! ஆபீஸ் பானையில கூட இவ்வளவு நல்லா இல்ல. போட்ட சோடா எங்க? வித்துட்டியா?"

"இல்ல சார், போட்டேன் சார்."

"நாளையிலேருந்து வராதே."

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்றிருந்தேன். சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் வேலை போகும், திருடன் என்ற பெயரும் வரும். இரண்டு அடி முன்னே வைத்தேன், ஓர் அடி பின்னே வைத்தேன். குழந்தை அழுதான். எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"நான்தான் எடுத்தேன் சார். துணி துவைக்க. ஆனா எடுத்த அளவு திரும்ப ஊத்திட்டேன். உப்புத் தண்ணி ஒரு சொட்டு கலக்கல. எல்லாம் வண்டித் தண்ணி."

எஞ்சினீயர் கொடியைப் பார்த்தார். பதினாறு வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கன்னியப்பன் தலையில் கை வைத்தார். "அடப் பாவமே! நல்ல தண்ணில கரண்டு சரியா ஓடாது. கெணத்து உப்புத் தண்ணிய ஊத்திருந்தாகூட ரிலே தூக்கிருக்கும் தங்கச்சி. நல்லவளா இருந்து பேஜார் பண்ணிட்டியே!"

முதலில் சிரித்தது எஞ்சினீயர்தான். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. வேலை நிலைத்தது; சாவி மட்டும் ஆபீசுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும், "என்கிட்ட கேட்டிருந்தா ஒரு பொட்டலம் சோடா வாங்கித் தந்திருக்க மாட்டேனா?" என்றார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் கேட்டாலும், "ஜெனரேட்டர் குடிச்ச தண்ணியா, சாதாரணத் தண்ணியா?" என்பார்.

மறுவாரமே தொட்டியின்மேல் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டார்கள்: 'இதில் துணி துவைக்கக் கூடாது.' நான் அதில் துவைக்கவில்லை, மொண்டுதான் துவைத்தேன். இதை யாரிடம் போய் வாதாடுவது?

இப்போது அந்தக் கைக்குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவன் தானாகப் படித்த முதல் வாக்கியமே அதுதான். போன வாரம் வலைக்கு வெளியே நின்று விரலை நீட்டி உரக்கப் படித்துவிட்டு, "இதுல போயி யாரும்மா துவைச்சாங்க?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். தினமும் கேட்கிறான். சொன்னால் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிடுவான். சொல்லாவிட்டால் கன்னியப்பன் சொல்லிவிடுவார், அதுவும் கை கால் வைத்து. பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: துவைத்தது யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா, யாருடைய துணி என்பதையும் சொல்லிவிடட்டுமா?