கும்பிட்ட கையும் வெண்கலப் பாவையும்

மழைக்காலத்தில் மட்டும் வழி தெரிகிற ஒரு மலைக்கு அந்தப் பக்கம் செவ்வந்திபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசரையும் வாக்குப் போட்டுத்தான் அரியணையில் உட்கார வைப்பார்கள். நம்பச் சிரமமாக இருந்தால் மெதுவாக நம்பலாம், அவசரமில்லை.

அரசர் மகரத்துவசர் குடிகளின் குறை கேட்கச் சந்தையில் நிறுத்தவென்று ஒரு வெண்கலப் பாவை செய்வித்தார். ஆளுயரம். பேச்சைக் கேட்கும், முகத்தைப் பார்க்கும், கை போகிற போக்கைக் கவனிக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் பொருள் கண்டு இனிய குரலில் பதில் சொல்லும். அது முதன்முதலில் வாய் திறந்தபோது சந்தையே மூச்சை மறந்து நின்றது. கட்டிக் கிடந்த ஆடுகள்கூடக் கத்தவில்லை. பாவையின் சொல் அரசரின் சொல் என்று சட்டம் வந்தது. அது சொன்னதைக் காவலர்கள் செய்தார்கள்.

சந்தைக்கு வருமுன், மனிதர்களைப் படித்துக்கொள்ளட்டும் என்று அதை ஓராண்டு அரசவையில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே கும்பிட்டுச் சிரித்தபடி பேசியவர்கள் எல்லோரும் அரசரைப் புகழ்ந்தவர்கள். நிமிர்ந்து, இடுப்பில் கை ஊன்றிப் பேசியவர் ஒரே ஒருவர், அரசர். பாவை பார்த்ததை அப்படியே கற்றுக்கொண்டது.

குடிகள் வந்தார்கள். குனிந்து, கும்பிட்டு, அசட்டுச் சிரிப்போடு, வரி தாங்கவில்லை என்றார்கள். "உங்கள் மகிழ்ச்சி எட்டியது" என்றது பாவை. அமைச்சர் சர்வார்த்தர் அந்த மகிழ்ச்சியைக் கணக்கில் கொண்டு வரியை இரட்டிப்பாக்கினார். அரண்மனை அன்னக்குளத்துக்காக ஏரி மடையைப் பாதி அடைத்ததைச் சொல்லி அழுதார்கள், கும்பிட்டபடியே. அது நன்றி என்று பதிவாயிற்று. மடை முழுக்க அடைபட்டது. இவ்வளவு பெரிய அதிசயம் பொய் சொல்லுமா? நாம் உண்மையிலேயே மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறோமோ என்று பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏரிக்குக் கீழேயுள்ள சிற்றூரிலிருந்து சடைச்சி வந்தாள். சேற்றுத் தண்ணீர் குடித்து அவள் மகளுக்கு வயிற்றுப்போக்கு. நாக்கு உலர்ந்து இடுப்பில் துவண்டு கிடந்தது குழந்தை. பாவையருகே நின்ற காவலன் கும்பிடச் சொன்னான்.

"அப்ப பிள்ளைய நீங்க வச்சிக்கிறீங்களா?" என்றாள்.

குழந்தை கழிந்திருந்ததைப் பார்த்து அவன் விலகிக்கொண்டான்.

நெடுந்தூரம் நடந்த முதுகு வலி. ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையை இடுப்பில் ஊன்றி, நிமிர்ந்து பாவையின் கண்ணைப் பார்த்தாள். சிரிக்க அவளிடம் தெம்பில்லை.

"மடையத் தெற. எம்புள்ளைக்குத் தண்ணி வேணும்."

பாவை குனிந்தது. அதற்குக் குனியத் தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

"ஆணை, அரசே."

காவலர்கள் ஓடினார்கள். மடை திறந்தது. உச்சிவெயில் இறங்குவதற்குள் சந்தையோர வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

சர்வார்த்தர் வியர்த்து விறுவிறுத்து அரண்மனைக்குப் போனார். அரசரே நேரில் ஆணையிட்டால் சரியாகிவிடும் என்று அவர் யோசனை. ஆனால் அது வாக்குக் கேட்கும் காலம். அந்நாட்டு அரசர்கள் அந்தக் காலத்தில் மட்டும் கும்பிட்ட கையைப் பிரிப்பதில்லை, சிரிப்பை இறக்குவதில்லை. தூக்கத்திலும் அப்படித்தான் என்பார்கள். ஊரே கூடி நிற்க, மகரத்துவசர் கும்பிட்டபடி வந்து, சிரித்தபடி, மடையை மூடு என்றார்.

"உங்கள் மகிழ்ச்சி எட்டியது" என்றது பாவை.

"மகாராஜா, திருக்கரங்களைச் சற்றே பிரித்தருள வேண்டும்" என்று காதருகே கெஞ்சினார் சர்வார்த்தர்.

"ஜனங்க பாக்கறாங்கய்யா. வாக்கு முடியட்டும்" என்றார் அரசர், பல் தெரிய.

பாவை சடைச்சியின் பக்கம் திரும்பியது. "அரசே, இவரை அனுப்பிவிடலாமா?"

அவள் வாய்க்கால் தண்ணீரைச் செம்பில் மொண்டு மகளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இன்னும் ஒரு மிடறு விழுங்கியது. அதன் பிறகே நிமிர்ந்தாள்.

"இருக்கட்டும். வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

செம்பை நீட்டினாள். வாங்க வேண்டுமானால் கையைப் பிரிக்க வேண்டும். அரசர் கும்பிட்டபடி செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கத்தான், வேறு எண்ணம் எதுவும் இல்லை, கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்கள்.

பாவை அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு மிக மெதுவாக, கூட்டத்தை நோக்கி மண்டியிட்டது.