குற்றாலத்தை அடைத்த டெஸ்ட் அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்திலேயே, நாற்காலியை மூன்று முறை ஆட்டிப் பார்த்து, அப்போதும் சந்தேகம் தீராமல் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டெஸ்ட் அண்ணாச்சி. டீ வந்தால் சூடு சரியா என்று முதலில் விரலை விட்டுப் பார்ப்பார். அதுவும் என் டீயில்.

நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வாத்தியார். அங்கிருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் ஓடும்படி பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் வேலை. சாரல் காலம் வந்தால் பிள்ளைகள் பாடத்தை மூடிவிட்டு, குற்றாலத்து ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று வீடியோ பார்ப்பார்கள். ஐந்து கிளையிலும் கொட்டுகிறது என்று தெரிந்தால், அடுத்த நிமிடம் வகுப்பில் நானும் மின்விசிறியும்தான் இருப்போம். முதலாளி கத்தினார். "ப்ராக்ஸி சர்வர் போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி.

"அப்படின்னா?" என்று கேட்டேன்.

"நம்மளால கோயிலுக்குப் போக முடியல. பேரும் நட்சத்திரமும் சொல்லி ஒருத்தன அர்ச்சனைக்கு அனுப்புதோம்லா? அவன் போயி திருநீறு வாங்கிட்டு வந்து நம்ம கையில குடுக்கான். அவந்தான் வே ப்ராக்ஸி. எந்தக் கோயிலுக்குப் போகப்புடாதுன்னு அவங்கிட்ட முன்னாலயே சொல்லி வச்சிரலாம்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி சர்வர் ஆக்கினார். மற்ற பன்னிரண்டும் அதன் வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் எதைத் தட்டினாலும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டோம். அண்ணாச்சி துள்ளினார். "மொத டெஸ்டு பாஸ்! ஒருத்தனையும் விடல பாத்தீரா?" யாரை விட வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லவே இல்லை என்பது மறுநாள்தான் அவருக்கு உறைத்தது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் நாற்பத்தொரு சோதனைகள். சர்வரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நாற்பத்தொன்றையும் முதலிலிருந்து செய்வார். கடைசிச் சோதனை, வெளியாள் எவனாலாவது நம் சர்வருக்குள் நுழைய முடிகிறதா என்பது. வாசலில் நின்று போனில் பார்த்தாலே போதும். "வெளியாளுன்னா வெளியூர்ல இருந்துல்லா வருவான்" என்று என்னைப் பைக்கில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்.

மெயின் அருவி வரிசையின் நடுவில் நின்று போனைத் தட்டினார். இணைப்பு கிடைக்கவில்லை. "உள்ள விட மாட்டேங்குது!" என்று குதித்தார். பக்கத்தில் நின்ற காவலர், "எல்லாரையும் விடுவோம், வரிசையில நில்லும்" என்று அதட்டினார். அண்ணாச்சி நோட்டில் டிக் அடித்துவிட்டுப் பைக்கைத் திருப்பினார். சாரல் காலத்தில் அருவி வரைக்கும் போய், தலை நனையாமல் திரும்பி வந்தோம் என்பதை என் வீட்டில் இன்னும் நம்பவில்லை.

அருவி வீடியோப் பக்கங்களை அவர் ஒவ்வொன்றாக அடைத்தார். பிள்ளைகள் புதிது புதிதாகக் கண்டுபிடித்தார்கள். "முகவரியில குற்றாலம்னு பேரு இருந்தாலே அடைச்சிருங்க அண்ணாச்சி" என்று யோசனை சொன்னது நான்தான். அடைத்தார். வகுப்பு நிறைந்தது. முதலாளி எங்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

கடையத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண் செல்வி. அப்பா இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டதால், வீட்டில் எல்லாரும் அவளைத்தான் நம்பியிருந்தார்கள். குற்றாலத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வை விடுதியின் இணையப் பக்கத்திலேயே, கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். ஐந்து மணிக்குப் பக்கத்தை மூடிவிடுவார்கள். நாலேகாலுக்கு உட்கார்ந்தாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"என்னைய வேண்டாம்னு சொல்லிட்டாங்க போல சார்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"ஏட்டி, உக்காரு. நான் பாக்குதேன்" என்று அண்ணாச்சி நோட்டைத் திறந்தார். சோதனை ஒன்று, பிளக். சோதனை இரண்டு, வயர். ஆறாவது சோதனைக்கு வரும்போது மணி நாலரை தாண்டிவிட்டது.

"நோட்ட மூடுங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா வே" என்றபடி, சர்வர் யார் யாரைத் திருப்பி அனுப்பியது என்ற பதிவைத் திறந்தார். அவர் முகம் சுருங்கியது. விடுதியின் முகவரியில் குற்றாலம் என்று இருந்தது. குற்றாலத்து விடுதி வேறு எந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொள்ளும்!

அந்தத் தடையை எடுத்தால் நாற்பத்தொரு சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். விறுவிறுவென்று போய், அவள் கம்ப்யூட்டரின் வயரைச் சர்வரிலிருந்து பிடுங்கி நேரே மோடத்தில் செருகினார். அவள் திரையில் ப்ராக்ஸி என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தார். நோட்டு மேஜையில் கிடந்தது. ஒரு சோதனையும் செய்யவில்லை. பக்கம் திறந்தது.

"எழுது தாயி" என்றார். ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது செல்வி தேர்வை முடித்தாள்.

வகுப்பு கலையும் முன் அண்ணாச்சி எல்லாரையும் நிறுத்தினார். "கேளுங்க. இன்னிக்கு நடந்தது செல்வி தப்பு இல்ல, கம்ப்யூட்டர் தப்பும் இல்ல. நான் போட்ட தடை. மன்னிச்சிரும்மா."

யோசனை என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தார்.

"ஏன் அண்ணாச்சி?" என்று பிறகு கேட்டேன். "நாளைக்கு இதே பிள்ளைகளுக்கு நீருதான வே பாடம் எடுக்கணும். ஒம்ம பேரு கெடலாமா?" என்று சொல்லிவிட்டு வயர் சுற்றப் போய்விட்டார்.

செல்விக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ அலுவலகங்களைப் பார்த்துவிட்டேன். என் தப்பை என் தலையில் கட்டியவர்கள் உண்டு, தங்கள் தப்பையும் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு. அப்போதெல்லாம் என் மனசு அண்ணாச்சியைத்தான் தேடும்.