ரெண்டு வார்த்தை அண்ணாச்சி

இந்தப் பம்பாய் மாநகரத்தில் ரெண்டு வார்த்தைக்கு மேல் காதில் வாங்காத ஒரே மனிதர் எங்கள் அண்ணாச்சிதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தமிழ்க்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த எங்கள் லேபர் கேம்பில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

மாவு மில்லுக்கு மேலே ஒரே அறையில் அவர் கம்ப்யூட்டர் கேம் கம்பெனி நடத்தினார். படமே இல்லாத கேம்கள் ஓடிய காலம் அது. கறுப்புத் திரையில் எழுத்து வரும். நாம் ரெண்டு வார்த்தையில் கட்டளை தட்டினால் கதை நகரும். நீளமாகத் தட்டினால் 'புரியலை' என்று அடம் பிடிக்கும். கீழே மில் ஓடினால் திரை நடுங்கும், கீபோர்டில் கோதுமை மாவு படியும். திரையில் வரும் வர்ணனைகளை எழுதுவது என் வேலை.

அந்தக் கேமோடு பழகிப் பழகி அண்ணாச்சியும் அப்படியே ஆகிவிட்டார்.

"அண்ணாச்சி, தங்கச்சியைப் பொண்ணு பாக்க வாராங்க, அதான் சாயங்காலம் கொஞ்சம் வெள்ளனயே..."

"புரியலைடே."

"லீவு கொடுங்க."

"கொடுத்தாச்சுடே!"

அவர் சம்சாரம், எங்கள் மதினிகூட இதற்குப் பழகிவிட்டாள். ரெண்டு வார்த்தைக்குள் யாரால் சண்டை போட முடியும்? "அரிசி இல்ல" என்பாள். அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேம்பிலேயே சண்டைச் சத்தம் கேட்காத வீடு அதுதான்.

அவர் செய்த கேமின் பெயர் 'சந்து'. ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஒருவன் லேபர் கேம்ப் சந்துகளில் அலைந்து, தங்க இடம் பிடிக்க வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும். செருப்பைக் கழற்றாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்டம் அவுட். குழாயடியில் வரிசையைத் தாண்டினாலும் அவுட். நானே அங்கே பலமுறை குடத்தால் அடி வாங்கிச் செத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் தாண்டினால் கடைசி வீடு. கதவைத் திறக்கும் அக்கா, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். 'ஆச்சு அக்கா' என்று தட்டுவோம். 'அப்ப சரி, போய்ட்டு வாங்க' என்று வரும். அடுத்த நிமிடம் மறுபடி ரயில்வே ஸ்டேஷனில் நிற்போம்.

'இப்பதான் சாப்பிட்டேன்' என்று தட்டினாலும் ஸ்டேஷன்தான். அந்த வீட்டில் எங்கேயோ சாவி ஒளிந்திருக்கிறது என்று பானை, பரண், அடுப்பு எல்லாவற்றையும் தோண்டினோம். கடைசி வீட்டை மட்டும் அண்ணாச்சி தானே எழுதி, எனக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. யாராவது ஒருவர், தானாகவே, அந்தக் கேமை முடிக்க வேண்டும்.

வாஷியிலிருந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் வந்தார். நம்ம ஊர்க்காரர்தான். நாள் முழுக்க ஆடி, ஆடியபோதெல்லாம் ஸ்டேஷனில் வந்து நின்று, முகம் சிவந்துவிட்டார்.

"க்யா அண்ணாச்சி, முடிவே இல்லாத கேமை எவன் வாங்குவான்? முடிவை மட்டும் சொல்லுங்க, இப்பவே ஆர்டர் தாரேன்."

"புரியலை."

"முடிவைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"முடிச்சிட்டு வாரும்."

அவர் வரவில்லை. பிறகு படம் காட்டும் கேம்கள் வந்தன. கம்பெனியை மூடினோம். அந்த அறையில் இப்போது ஒருவர் பை தைக்கிறார். நான் வேறு வேலைக்குப் போய், வாஷியில் ஃப்ளாட் வாங்கி, தலையும் நரைத்துவிட்டது. 'சந்து'வை யாருமே முடிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திலக் நகரில் இருக்கும் அண்ணாச்சியைப் பார்க்கக் கிளம்பினேன். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, ஹார்பர் லைன் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நனைந்து, நடந்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது மதியம் தாண்டிவிட்டது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை.

அண்ணாச்சிதான் திறந்தார். மெலிந்திருந்தார்.

"வாடே, சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணாச்சி," என்றேன். யார் வீட்டுக்குப் போனாலும் நம் வாயில் தானாக வருவது அதுதானே.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப சரி, போய்ட்டு வா."

அந்த வரியை நான் திரையில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஈரச் சட்டையோடு வாசலிலேயே நின்றேன். சாவியும் இல்லை, பரணும் இல்லை. ரயிலில் வந்து இறங்கியவன் எங்கே சாப்பிட்டிருப்பான்? அத்தனை பேரும் அந்த அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறோம்.

"சோறு போடுங்க," என்றேன்.

அண்ணாச்சி வாசலிலேயே துள்ளினார்.

"ஏளா, தட்டை எடு! ஒருத்தன் கேமை முடிச்சிட்டாம்லா!"

மதினி சுடச்சுடச் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி?"

"பம்பாய்க்கு வந்த அன்னைக்கு ஒரு வீட்டுல என்னைய அப்படித்தாம்டே கேட்டாவ. வெக்கப்பட்டு ஆச்சுன்னுட்டேன். ராத்திரி பூரா ஸ்டேஷன்ல பசியோட கிடந்தேன். வாயத் தெறந்து கேட்டிருந்தா போட்டிருப்பாவல்லா?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் வாஷியில் காலைப் பலகாரம் சாப்பிடுவதில்லை. திலக் நகரில் ஒருவர் கதவைத் திறந்து கேட்பார், அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.