எறும்புக் கேள்வி

"வாப்பா, இந்த எறும்பெல்லாம் ஏன் உங்கட பின்னாலேயே வருது?"

ஆறு வயது றமீஸா இப்படிக் கேட்டபோது, முஹைதீன் முதலாளி கருப்பட்டி வட்டலப்பத்தின் மூன்றாவது துண்டை வாயில் போட்டிருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

"எந்த எறும்பு மகள்?"

"நீங்க பின்தோட்டத்துப் பலா மரத்தடிக்குப் போய்ட்டு வாரீங்களே, அங்க. மத்தவங்க போனா வாரதில்ல. நீங்க போனா மட்டும் வரிசையா வருது."

அடுக்களையிலிருந்து மனைவி ஆஸியா உம்மா தலையை நீட்டினார். "புள்ள கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்களே. உங்கட நானாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கின."

முதலாளியின் மூத்த சகோதரர் இனிப்பு நீர் வருத்தம் என்ற நீரிழிவு நோயில் மெலிந்து மெலிந்து, கடைசியில் கண்ணும் தெரியாமல் மௌத்தாகி அதிக காலம் ஆகவில்லை. முதலாளி எழுந்து போய்ப் பலா மரத்தடியைப் பார்த்தார். எறும்புகள் பெருநாள் கூட்டம் போல நின்றன. வாயிலிருந்த வட்டலப்பத்தை அங்கேயே துப்பினார்.

கண்டிச் சீமையில் மலையெல்லாம் கோப்பி பூத்துக் கிடந்த காலம் அது. அலவத்துகொடயில், மாத்தளை வீதியோரமாக முதலாளியின் கடை. காலையில் தோட்டத்துக் கங்காணிமாருக்கு அரிசி மூட்டை விற்பார். பின்னேரம் கிராமத்தார் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கோப்பியை வாங்குவார். இரண்டுக்கும் முற்றத்தில் தொங்கிய பெரிய தராசு ஒன்றுதான். படிக்கற்கள் மட்டும் இரண்டு கூட்டம்.

விற்கிற படி கொஞ்சம் இலேசு, உள்ளே குடைந்தது. வாங்குகிற படி கொஞ்சம் பாரம். அடியில் ஈயம் ஊற்றியது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடைக்குள் இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் மற்றது. அடையாளம் போட்டால் பிறர் கண்ணில் படும் என்று அடையாளமும் போடவில்லை. முதலாளி ஐந்து நேரமும் தவறாமல் தொழுகிறவர்தான். தொழும்போது அந்த மூலைகள் இரண்டும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன.

மறுநாளே ஆஸியா உம்மா அவரைக் கண்டிக்கு, டொக்டர் சண்முகநாதனிடம் கூட்டிக்கொண்டு போனார். இனிப்பு நீர் வருத்தம் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை, வருமுன் தடுக்க வழி உண்டா என்று ஆராய்வதுதான் அந்த யாழ்ப்பாணத்து டொக்டருக்கு மூச்சு. ஆட்களை நிறுக்க அவரிடம் தராசு கிடையாது. நோயாளிகளைக் கோப்பிக் கடைகளுக்கு அழைத்துப்போய், மூட்டை தொங்கும் தட்டில் உட்காரவைத்து நிறுப்பார். அதனால் ஊரெல்லாம் அவருக்குப் பெயர்.

ஆஸியா உம்மா பக்குவமாகத் துணி சுற்றிக் கொண்டுவந்த முதலாளியின் மூத்திரப் போத்தலை வாங்கி, அதில் கொஞ்சத்தை ஒரு பீங்கானில் ஊற்றி விறாந்தையில் வைத்தார் டொக்டர்.

"இனி என்ன செய்ற?" என்றார் முதலாளி.

"எறும்புக்குக் காத்திருக்கிறது. இதைவிட நல்ல உதவியாள் எனக்குக் கிடைக்கேல்லை. சம்பளமும் கேக்காது, பொய்யும் சொல்லாது."

எறும்புகள் வந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதைப் போல டொக்டரின் முகம் மலர்ந்தது. "வந்திட்டுது! நடக்கிறனீங்களோ முதலாளி?"

"மாட்டுக் கரத்தை ஈக்குதே."

"இனிப்பு?"

இதற்கு ஆஸியா உம்மா பதில் சொன்னார். சொல்லி முடிக்க நேரமெடுத்தது.

"குந்தியிருந்து சாப்பிடுறவைக்குத்தான் இது கூட வருது. இனி இனிப்பைத் தொடக்கூடாது. குரக்கன், கீரை, பாவக்காய். ஒவ்வொரு நாளும் அக்குறணை வரைக்கும் நடந்து போய் வரவேணும். கிழமைக்கொருக்கா நிறுக்கவேணும். நிறை குறைஞ்சால் வருத்தம் முத்துது எண்டு அர்த்தம்."

"எங்க நிறுக்கிற?"

"உங்கட கடையிலைதான். பெரிய தராசு இருக்குதானே?"

முதலாளியின் மனம் கடையின் இரண்டு மூலைகளுக்கும் ஓடியது. ஆஸியா உம்மாவுக்கு ஏனோ இருமல் வந்தது. முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

டொக்டர் வந்தது ஒரு பின்னேரம். முற்றம் நிறையக் கோப்பி கொண்டுவந்த சனம். தராசடியில் வாங்குகிற படி கிடந்தது. நிறுவைக்காரன் கறுப்பையா முதலாளியைப் பார்த்தான், மற்ற மூலையைப் பார்த்தான், கண்ணாலேயே கேட்டான். இத்தனை பேருக்கு முன்னால் படியை மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கமாட்டார்களா? முதலாளி கண்ணை மூடிக்கொண்டு தட்டில் ஏறினார்.

"நூத்தியறுவது ராத்தலுங்க!"

"என்ன?" டொக்டர் பதறினார். "இவ்வளவு பெரிய தேகத்துக்கு நூற்றறுபதோ? உள்ளுக்குள்ளை நல்லா மெலிஞ்சு போனியள்!"

முறைக்குக் காத்திருந்த உம்மு குல்சும் கோப்பி மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டாள். கணவனை இழந்தவள், வீட்டுத் தோட்டத்துக் கோப்பிதான் அவளுக்குச் சோறு. "அந்தத் தராசுல ஏறினா எல்லாம் மெலியும் டொக்டர். என்ட கோப்பி வீட்டுல அரை அந்தர், அம்பத்தாறு ராத்தல். இஞ்ச வந்தா அதுக்கும் இதே வருத்தம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரிலும் உரக்கச் சிரித்தவர் முதலாளி.

அன்று முதல் வீட்டில் சட்டம் கடுமையாயிற்று. கோப்பிக்குச் சீனி இல்லை. தொதல் இல்லை. கித்துள் பாகு நிறைந்த பாணி முட்டி ஆஸியா உம்மாவின் காவலில் இருந்தது. ஆனாலும் பாணி குறைந்துகொண்டே வந்தது.

"நான் தொடுறதில்ல. புள்ளைக்கும் நீங்க குடுக்கிறதில்ல. பாணி எங்க போவுது?"

"எறும்பு."

"மூடி போட்ட முட்டியிலயா?"

"இந்தக் காலத்து எறும்பு" என்றார் ஆஸியா உம்மா.

நூற்றறுபது என்ற சொல் முதலாளியைத் தூங்கவிடவில்லை. அது படியின் பொய் என்று அவருக்குத் தெரியும். டொக்டருக்கு எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை காலையில் வரும்படி ஆள் அனுப்பினார். காலையில் தராசடியில் விற்கிற படி.

"எரநூறு ராத்தலுங்க!" என்று கூவிவிட்டுக் கறுப்பையா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டொக்டர் முதலாளியின் காலை அமுக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "ஒரு கிழமையிலை நாப்பது ராத்தல்! இது தசையில்லை, நீர். தேகம் முழுக்க நீர் கோத்திருக்கு. பேதி உப்புத் தாறன். மூண்டு நாள் குடியுங்கோ."

அந்த மூன்று நாளும் முதலாளி பலா மரத்தடியிலேயே குடியிருந்தார். எறும்புகள்கூட முகம் பார்த்துப் பழகிவிட்டன.

நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவர் கறுப்பையாவை அருகில் கூப்பிட்டார். "அடுத்த தடவ இதுல பாதி, அதுல பாதி வை."

"ரெண்டு பொய்யையும் ஒரே தட்டுல வைக்கச் சொல்றீங்க."

"வாய மூடு."

"மூடிட்டேங்க மொதலாளி."

அப்படியே வைத்தார்கள். நூற்றெண்பது. முதலாளியின் சரியான நிறை அதுதான். அந்தத் தராசு தன் பிறவியில் சொன்ன முதல் உண்மை அது. அதையும் தெரியாமல்தான் சொன்னது. டொக்டர் மகிழ்ச்சியோடு போனார். முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்போது கறுப்பையா தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, இதுல எது எந்த மூலைங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"எல்லாம் ஒண்ணா கலந்துபோச்சுங்க. நீங்கதானே அடையாளம் வேணாம்னீங்க."

முதலாளி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பேதி உப்புக் குடித்த கைக்கு எல்லாமே மலையாகத்தான் கனத்தன.

"ஒரு மெய்யான ராத்தல் இருந்தா வச்சுப் பாத்துப் பிரிச்சிரலாம்" என்றான் கறுப்பையா. "பக்கத்துக் கடையில கேக்கட்டுங்களா?"

"அவன்ட மட்டும் எப்பிடி ஈக்கும்?" என்றார் முதலாளி.

கலந்த படியோடு வியாபாரம் நடந்தது. அரிசி வாங்கிப் போன கங்காணிமார், நிறை கூடிவருகிறது என்று ஆளுக்கு ஆள் காதைக் கடித்தார்கள். மறுநாள் வாசலில் இடமில்லை. உம்மு குல்சும் நிறுவையைப் பார்த்துவிட்டுக் கையை ஏந்தினாள். "அல்ஹம்துலில்லாஹ்! இண்டைக்கு என்ட கோப்பி கொழுத்தீக்கி! வருத்தம் வந்த பொறகு முதலாளிட கல்பு நல்லா இளகீட்டு."

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். இவ்வளவு பெரிய கடை. அரிசி இருக்கிறது, கருவாடு இருக்கிறது, கூரை முட்டக் கோப்பி இருக்கிறது. மெய்யான ராத்தல் ஒன்று இல்லை.

அந்த நேரத்தில்தான் டொக்டர் ஓடி வந்தார்.

"முதலாளி, கண்டுபிடிச்சிட்டன்! நூற்றறுபதுக்கு மெலிஞ்சியள், இருநூறுக்கு ஊதினியள், என்ரை உப்புக் குடிச்ச உடனை நூற்றெண்பதிலை அச்சடிச்ச மாதிரி நிண்டிட்டியள். கொழும்புக்கு எழுதப்போறன். அதுக்கு முதல் ஒரு ஏழைக்கு வழி பிறந்திட்டுது. கடுகண்ணாவையிலை வண்டிக்கார வீரய்யா எண்டு ஒருத்தன். உங்கட வருத்தம்தான். எலும்பும் தோலுமாக் கிடக்கிறான், நாலு பிள்ளையள். நாளைக்கு அவனுக்கும் இதே உப்புத்தான்!"

முதலாளிக்குத் தன்னுடைய மூன்று நாள் நினைவுக்கு வந்தது. தனக்குத் தாங்கச் சதை இருந்தது. எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறவனுக்கு? கடைசி நாட்களில் பாயோடு பாயாகக் கிடந்த நானாவின் முகம் நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்தால் வீரய்யா போவான். பேசினால் கடையின் பெயர் போகும். திரும்பிப் பார்த்தார். எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருந்த மூலைகள் இரண்டும் இப்போது முகத்துக்கு நேரே நின்றன.

"டொக்டர், அந்த உப்ப அவனுக்குக் குடுக்க வாணாம்."

"ஏன்?"

"நான் ஏறவுமில்ல, எறங்கவுமில்ல. படிதான் ஏறி எறங்கின."

பிறகு ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை கறுப்பையா முகட்டு ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டொக்டர் ஒரு படிக்கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆராய்ஞ்சது உங்களை இல்லை. இந்த இரும்பை." கல்லைக் கீழே வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் முகம் வெளிறியது. "வீரய்யாவுக்கு உப்புக் கொடுத்திருப்பன், முதலாளி. கொன்றிருப்பன். உங்கட கணக்கை என்ரை ஆராய்ச்சியிலை இருந்து எடுத்துப்போட்டன்."

"கடைப் பேரு..."

"நோயாளியின்ரை வருத்தத்தை நான் வெளியிலை சொல்லுறதில்லை. இதுகும் ஒரு வருத்தந்தானே? ஆனா இதுக்கு மருந்து என்னட்டை இல்லை."

அந்தக் கிழமையே முதலாளி கண்டிக்கு நடந்துபோய் முத்திரை போட்ட புதுப் படி வாங்கிவந்தார். பழையதைக் கொல்லனின் உலையில் போடும்போது பக்கத்திலேயே நின்றார். அடுத்த நிறுவையில் நூற்றெழுபத்தாறு. காலையிலும் அதே, பின்னேரமும் அதே. விறாந்தைப் பீங்கானுக்கு எறும்பு ஒன்றுகூட வரவில்லை.

"சுகம்" என்றார் டொக்டர். "எப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா விட்டிடாதேங்கோ. தமையனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம். நடையும் பாவக்காயும் அப்பிடியே இருக்கட்டும்."

முதலாளி விடவில்லை. மேடு ஏறும்போது வாங்கிய மூச்சு இப்போது வாங்குவதில்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று மட்டும் இன்னும் கனத்தது.

கோப்பி விற்ற சனம் அரிசி வாங்கி மூட்டையாகக் கட்டிக் கொட்டிலில் வைத்துவிட்டு, பின்னேர அஸர் தொழுகைக்கும் சந்தைக்கும் போய்வருவது வழக்கம். கறுப்பையாவும் கோப்பி குடிக்கப் போய்விடுவான். அந்த நேரத்தில் முதலாளி கொட்டிலுக்குள் போவார். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்ப்பார். இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டு, இருந்தபடியே கட்டிவைப்பார். உம்மு குல்சுமின் மூட்டைக்கு இன்னும் கொஞ்சம். ஒருவரும் பார்க்கவில்லை. எவ்வளவு என்று அவரும் எண்ணவில்லை. எண்ணத் தெரிந்தவன் எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் அதே நேரத்தில் வீட்டில் ஆஸியா உம்மா அடுக்களைக் கதவைச் சாத்தினார். பாணி முட்டியின் அடியை வழித்து, ஒரு கரண்டி நிறைய எடுத்து றமீஸாவின் வாயில் வைத்தார்.

றமீஸா கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை நக்கினாள். பிறகு, வியாபாரியின் மகளல்லவா, கையை நீட்டினாள்.

"இது எறும்புக் கேள்வி கேட்டதுக்கு, உம்மா. பலா மரத்தடியிலயும் டொக்டர்ர போத்தலுக்குள்ளயும் நீங்க பாணி ஊத்தினத வாப்பாட்ட சொல்லாம இருந்ததுக்கு இன்னொரு கரண்டி தாறேண்டீங்களே?"