பதினோராவது சீட்டு

பல் செட்காரர் அந்தச் சீட்டை ஏழாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது மெழுகு பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. யாரோ ஒரு தலைமையாசிரியருக்காக அரும்பாடுபட்டு அடுக்கிவைத்திருந்த மேல்வரிசைப் பற்கள் பதினான்கும் அதில் முழுகிப்போயின. வேறொரு நாளாக இருந்தால் பதறியிருப்பார். இன்று பற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே எட்டாவது தடவை படித்தார்.

‘படம் மிகவும் தள்ளி நின்று எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவருக்கு மனிதர்கள் மேல் ஆசை இருக்கிறது, அருகில் போகத்தான் கூச்சம். இந்தக் கூச்சம் இருக்கும்வரை இவருக்குத் தெருவின் அந்தப் பக்கம் கிடைக்கப் போவதில்லை.’

பொய்யாக இருந்தால் கசக்கிப் போட்டிருக்கலாம். உண்மையாக இருந்ததுதான் பிரச்சினை. கல்யாண வீட்டில் வாசலோரம் நிற்கிறவர் அவர். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்காமல் வந்துவிடுவார். இருபது வருடமாக ஊரார் வாய்க்குள் இருப்பதைச் செய்து கொடுக்கிறார், அந்த வாய்களில் ஒன்றோடாவது நின்று பேசியது கிடையாது. கேமரா ஒன்று இருப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் இருக்கிற இடத்துக்கே போகிறார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறையில் கூடுகிற புகைப்படச் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். தெருவில் நடப்பதை, யாருக்கும் தெரியாமல், நடக்கிறபடியே எடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. விமர்சனத்துக்கும் ஒரு முறை உண்டு. அறையைச் சுற்றி நாலு சுவரிலும் ஒரு கயிறு ஓடும். அதில் ஒரு படம், ஒரு கவர், ஒரு படம், ஒரு கவர் என்று துணி கிளிப்பில் தொங்கும். எதிலும் பெயர் இருக்காது. ஒவ்வொருவரும் வாசலில் ஆரம்பித்து, படத்தைப் பார்த்து, கருத்தைச் சீட்டில் எழுதி, அடுத்திருக்கிற கவரில் போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். தன் படத்துக்கும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதுவே எது யார் படம் என்று காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் தத்தம் படத்துக்கு அடக்கமாக ‘நன்று’ என்று எழுதிவிடுவார்கள்.

கையெழுத்து தெரியக் கூடாது என்பதற்காக, சுற்று முடியும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடை ஜெராக்ஸ் அக்காவிடம் கவர்களைக் கொடுப்பார்கள். அவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தருவார். வெறுமனே செய்ய மாட்டார். ‘வெளிச்சம் போதல’ என்று இருந்தால் அதை மூன்று வாக்கியமாக்கி, கொஞ்சம் மனசையும் கலந்து கொடுப்பார். எழுதியது யார் என்று மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார். அடுத்த ஞாயிறு செயலாளர் கவர்களை உரியவரிடம் கொடுக்கும்போதுதான் எது யார் படம் என்றே தெரியவரும்.

பல் செட்காரரின் படம் ஒரு சலூன். ஆளில்லாத நேரத்தில் சலூன்காரர் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறார். நல்ல தருணம்தான். ஆனால் எதிர்ச்சாரியிலிருந்து, ஒரு கம்பத்தின் பின்னால் ஒளிந்து எடுத்ததால், சிரிப்பு கடுகளவு இருந்தது. மீதியெல்லாம் ரோடு.

வருடம் ஒருமுறை, வந்த படங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டுவார்கள். ஆறு வருடத்தில் அவர் படம் ஒன்றுகூட அந்தச் சுவர் ஏறவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் கேமராவை மச்சானிடம் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தார். மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். விமர்சனத்தைப் பார்த்துத் திருத்தி எடுத்த படத்தைத் தேர்வுக்குக் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது.

யார் எழுதியிருப்பார்கள்? தன்னை இவ்வளவு அறிந்தவர் சங்கத்தில் ஒருவர்தான். கண்ணாடிக் கடைக்காரர். ஆறு வருடமாக ஒரே பஸ், ஒரே சீட், பாதிப் பாதி வேர்க்கடலை. செவ்வாய்க்கிழமைகூட உடைந்த மூக்குக்கண்ணாடியை அவரிடம்தான் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை பஸ்ஸில் பார்த்ததும் பல் செட்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருவரை நேருக்கு நேர் கேட்டார்.

“உன் சீட்டு கிடைச்சுது. ரொம்ப நன்றி.”

“எந்தச் சீட்டு?”

“கூச்சம், ஆசைன்னு கதை எழுதியிருந்தியே.”

“யோவ், நான் எல்லாருக்கும் ‘நன்று’ன்னுதான்யா எழுதுவேன். ஆறு வருஷமா அதான் எழுதுறேன்.”

இது அதைவிடப் பெரிய அவமானமாகப் பட்டது பல் செட்காரருக்கு. அப்படியென்றால் ஆறு வருடமாகத் தன் படங்களை இவன் பார்க்கவே இல்லையா என்று கேட்டுவிட்டார். பார்த்துத்தான் ‘நன்று’ என்று எழுதினேன், இனிமேல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார். மூக்குக்கண்ணாடி அவரிடமே மாட்டிக்கொண்டது. கேட்டு வாங்க வாய் வரவில்லை.

கண்ணாடி இல்லாமல் செய்த வேலை எப்படி இருக்கும்? தலைமையாசிரியருக்கு மறுபடி அடுக்கிய வரிசையில் கோரைப்பல் இரண்டும் இடம் மாறியிருந்தன. போட்டுப் பார்த்த மனிதர், முப்பது வருடம் பிள்ளைகள் பயந்தது போதாதா, இப்போது பேரனும் அலறுகிறான் என்று வருத்தப்பட்டதாகப் பல் டாக்டர் போனில் சொன்னார்.

சரி, எழுதியவன் முகத்தில் கரி பூசுகிற மாதிரி கிட்டப் போயே எடுத்துக் காட்டுகிறேன் என்று வியாழக்கிழமை அவர் தெருவைக் கடந்தார். கடந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. சலூன் வாசலில் போய் நின்றதும் சலூன்காரர் எழுந்து, துண்டை உதறி, “வாங்க சார்” என்றார். முடிவெட்ட வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முடி போனது.

வெள்ளிக்கிழமை மறுபடி போனார். நேற்று வெட்டிய தலையில் இன்று வெட்ட ஒன்றும் இல்லாததால் சலூன்காரர் தாடியைக் கவனித்தார். சனிக்கிழமை தாடியும் இல்லை. மீசையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். கண்ணாடி இல்லாததால் அவர் விரல் எங்கே காட்டுகிறது என்று சரியாகத் தெரியவில்லை, மரியாதைக்குத் தலையாட்டி வைத்தார் பல் செட்காரர். இருபத்திரண்டு வருட மீசை துண்டில் விழுந்தது.

படம்? ஒன்றும் தேறவில்லை. கேமராவைத் தூக்கினாலே சலூன்காரர் கத்தரியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

வீட்டில் மனைவி வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு அவரையே ஒரு நிமிடம் பார்த்தார்.

“ஏங்க, மூணு நாள்ல மூணு தடவை சலூன். யாருக்காக இவ்வளவு அலங்காரம்?”

“தெரு போட்டோ எடுக்கத்தான்…”

“போட்டோ எடுக்கிறவருக்கு எதுக்கு மேக்கப்பு?”

நியாயமான கேள்வி. அவர் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். மனைவி நின்றபடியே படித்தார். சிரிப்பார் என்று நினைத்தார், சிரிக்கவில்லை. “எழுதினவங்க உங்க கூடவே குடியிருக்காங்க போல” என்று மட்டும் சொல்லிவிட்டு, சீட்டைப் பத்திரமாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். பல் செட்காரருக்கு அன்று அழுகை வராத குறைதான்.

அந்த ஞாயிறு சங்கத்திலும் நிம்மதி இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்துக்கடை அம்மா வேறு தன் படத்தையும் ஒரு பூதக்கண்ணாடியையும் ஆள் ஆளாக நீட்டிக்கொண்டிருந்தார். அவர் எடுத்தது மழையில் நனைகிற பூட்டிய கடைகள். வந்த சீட்டில் ‘அந்த நாயின் பார்வை நெஞ்சை என்னவோ செய்கிறது’ என்று இருந்ததாம். ஒரு வாரமாக நாயைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. “இந்த மூலையில வால் மாதிரி ஒண்ணு தெரியுது பாருங்க” என்று பல் செட்காரரிடமும் காட்டினார். கண்ணாடி இல்லாத அவருக்கு அது வால் மாதிரிதான் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லிவைத்தார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

திங்கட்கிழமை சிரைக்க ஒன்றுமில்லாத முகத்தோடு பல் செட்காரர் சலூனில் போய் நின்றார். சலூன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், உங்ககிட்ட இனிமே எடுக்கிறதுக்குப் புருவம்தான் இருக்கு. என்ன விஷயம், சொல்லுங்க.”

சொன்னார். கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தது, சீட்டு, ஆறு வருடம், மச்சான், பஸ்ஸில் நடந்த சண்டை, எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நேரம் ஒரு வெளியாளிடம் அவர் பேசியதே இல்லை. சலூன்காரர் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

“கூச்சக்காரர்னு எழுதியிருக்கான். மூணு நாளா என் கடையிலேயே கிடந்து மீசையையும் பறிகொடுத்திருக்கீங்க. இதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்.”

அதோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியில் தன் மொழுமொழு முகத்தைப் பார்த்துப் பல் செட்காரரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள், மடியில் இருந்த கேமராவை யோசிக்காமல் அமுக்கினார்.

கண்ணாடிக்குள் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். ஒருவர் கையில் கத்தரி, ஒருவர் மடியில் கேமரா. கம்பம் இல்லை, ரோடு இல்லை. அந்தப் படத்தை எல்லோரும் மறுபேச்சில்லாமல் மாடிப்படிச் சுவருக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுவர் நாளன்று மனைவி பள்ளி வேனிலேயே சலூன்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். படிக்கட்டில் நின்று மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தார். “உங்க மச்சானுக்கு வேற ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்” என்றார். ஆறு வருடத்தில் பல் செட்காரர் கேட்ட விமர்சனங்களில் அதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது.

கண்ணாடிக் கடைக்காரரும் வந்திருந்தார். பல் செட்காரர் தானாகப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர் பையிலிருந்து பழுது பார்த்த மூக்குக்கண்ணாடியை எடுத்து இவர் மூக்கிலேயே மாட்டிவிட்டார். மாட்டியதும் இவருக்கு முதலில் தெரிந்தது நண்பனின் கலங்கிய கண்.

அந்த நெகிழ்ச்சியில் பல் செட்காரர் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் பேசவே ஆரம்பித்துவிட்டார். பதினோரு சீட்டில் பத்து தன்னைத் தடவிக்கொடுத்தன, பதினோராவதுதான் தெருவைக் கடக்க வைத்தது என்றார். எழுதியவர் நல்ல மனசுக்காரர், மனிதர்களை ஊடுருவிப் பார்க்கத் தெரிந்தவர் என்றார். பிறகு கீழ்ப்படியில் நின்ற ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அவர் யாருன்னு நீங்க சொல்ல வேணாம். என் நன்றியை மட்டும் அவர்கிட்ட சேர்த்துடுங்க.”

ஜெராக்ஸ் அக்கா தரையைப் பார்த்தார். “சேர்ந்துடுச்சு சார்” என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் விடவில்லை. பதினைந்து நாளாகப் பழியைச் சுமந்தவன் நான், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மருந்துக்கடை அம்மாவும் அதை ஆதரித்தார். செயலாளர் தொண்டையைக் கனைத்து, இன்று ஒருநாள் மட்டும் விதியைத் தளர்த்துவதாக அறிவித்தார். எல்லோரும் ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்தார்கள். அவர் பல் செட்காரரைப் பார்த்தார்.

“உங்க கையெழுத்துதான் சார். கண்ணாடிக் கடை சார் படத்துக்கு ‘தூரம், கூச்சம்’னு ரெண்டே வார்த்தை எழுதியிருந்தீங்க, மத்தது நான் சேர்த்தது. அன்னைக்கு வாசல்ல கூட்டம்னு நீங்க மட்டும் ஜன்னல் பக்கத்துலேருந்து எதிர்ச்சுத்து சுத்தி வந்தீங்க இல்ல, நீங்க எழுதின எல்லாச் சீட்டும் ஒரு கவர் தள்ளி, பக்கத்துப் படத்தோட கவர்ல விழுந்துடுச்சு. அந்தம்மா தேடுற நாயும் நீங்க போட்டதுதான்.”